சர்வர் திணறும்போது செய்யக்கூடாதவை

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் அறுவடை வண்டிக்கு அடிதடிதான். ஈர வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று வாடகைக்குப் பதிவு செய்யும் தளம் ஒன்றைப் புதுப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தை பிறந்ததும் போன் வரும்: "அண்ணே, சர்வர் தொங்குது." எங்கள் செட் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்துதான். டாப் போட்டுப் பார், டிஸ்க் நிரம்பிவிட்டதா பார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வொர்க்கர் எண்ணிக்கையை ஏற்றிவிடுவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தளத்தின் பிஹெச்பி கோடை ஓட்டுவது பிஹெச்பி-எஃப்பிஎம்; வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் அதன் வொர்க்கர் பிராசஸ் ஒன்று கவனிக்கும். அதன் லாகில் "மேக்ஸ் சில்ட்ரன் (வொர்க்கர்களின் உச்ச எண்ணிக்கை) எல்லையைத் தொட்டாச்சு, கூட்டுவதைப் பற்றி யோசி" என்கிற பொருளில் ஒரு எச்சரிக்கை விழும். யோசி என்றுதான் சொல்கிறது. பையன் யோசிக்காமல் 5-ஐ 100 ஆக்கிவிடுவான். பத்து நிமிஷம் தளம் பறக்கும். பிறகு மொத்தமாகப் படுத்துவிடும்.

மெஷினில் இருப்பது 2 ஜிபி ராம். ஒரு வொர்க்கர் 60 எம்பி தின்றால் நூறு பேருக்கு 6 ஜிபி வேண்டும். முதலில் ஸ்வாப் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பும். அதற்கும் மேலே போனால் லினக்ஸ் கெர்னலின், மெமரி தீர்ந்தால் வேலைக்கு வரும் ஓஓஎம் கில்லர் இறங்கி, பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருக்கும் பிராசஸைக் கொல்லும். அது யார்? அநேகமாக டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல். ஒரு தப்பும் செய்யாதவன் சாகிறான்.

கொல்ல வருவது சிக்கில் (SIGKILL, பிராசஸால் தடுக்கவே முடியாத சிக்னல்) என்பதால் மைஎஸ்கியூஎல்லால் கடைசி வார்த்தைகூட எழுத முடியாது. அதன் எர்ரர் லாகில் காரணமே இருக்காது. அடுத்து ஸ்டார்ட் ஆன வரிதான் தெரியும். உடனே "அண்ணே, டேட்டாபேஸ்தான் சரியில்லை" என்று ஆரம்பிப்பார்கள். ஒருவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அதை எழுப்பிவிட கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வேறு போட்டு வைத்திருந்தான். டிமெசேஜ் அடித்துப் பார் தம்பி, "அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்" என்று கெர்னல் பெயரோடு எழுதி வைத்திருக்கும் என்றேன். இருந்தது.

கணக்கு எளிது. மொத்த 2 ஜிபியில் டேட்டாபேஸுக்கு 500 எம்பி, சிஸ்டத்துக்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கும் 300 என்று ஒதுக்கினால் மிச்சம் சுமார் 1200. அதை 60 ஆல் வகுத்தால் 20. இந்த 60 என்பதைக் கூட்டம் இருக்கும் நேரத்தில் பிஎஸ் கட்டளையின் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் ராமில் பிடித்திருக்கும் அளவு) பத்தியில் பார்த்து எடுக்க வேண்டும், நள்ளிரவில் அல்ல. ஆர்எஸ்எஸ்ஸில் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் சேர்ந்து வருவதால் கொஞ்சம் கூடவே காட்டும். காட்டட்டும், நமக்கு நல்லதுதான்.

ஆனால் 20 போட்டாலும் வேலை முடியவில்லை. வொர்க்கர் ஏன் தீர்ந்தது? ஸ்லோலாகைத் திறந்து, ஐந்து நொடிக்கு மேல் இழுக்கும் ரிக்வெஸ்ட்டைப் பதியச் சொன்னோம். ஊர் பெயரை வைத்துக் காலி வண்டி தேடும் ஒரே குவெரியில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். டேபிளில் அந்த ஊர் பெயர்ப் பத்திக்கு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸே இல்லை. போட்டதும் பழைய ஐந்தே கிட்டத்தட்டப் போதும் என்றாகிவிட்டது. வாய்க்கால் தூர்ந்து கிடக்கும்போது மதகை அகலப்படுத்தி என்ன செய்ய?

ஃப்ரீ பத்தியைப் பார்த்துப் பதறுவது

காலி ராமை லினக்ஸ் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். ஃப்ரீ கட்டளையில் பார்க்க வேண்டியது அவெய்லபிள் பத்தி.

எடுத்ததும் கில் மைனஸ் 9

மைனஸ் 9 என்பது அதே சிக்கில்தான். முதலில் சாதாரண கில். டி நிலையில் மாட்டிய பிராசஸ் 9-க்கும் மசியாது. அது டிஸ்க்குக்கோ நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கோ காத்திருக்கிறது, அங்கே போய்ப் பார்.

உடனே ரீபூட்

எந்த பிராசஸ் எவ்வளவு பிடித்திருந்தது என்ற தடயம் போய்விடும். பிஎஸ், டிமெசேஜ் இரண்டின் அவுட்புட்டையும் ஃபைலில் போட்டுவிட்டு அப்புறம் பண்ணு.

கிரான் மேல் கிரான்

நிமிஷத்துக்கு ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்ட் மூன்று நிமிஷம் எடுத்தால், எப்போதும் மூன்று பேர் உள்ளே இருப்பார்கள். கூட்டம் கூடி டேட்டாபேஸ் மெதுவானால் அது முப்பதாகும். எஃப்லாக் (பூட்டுப் போட்டு ஓட்டும் கட்டளை) சேர்த்து ஓட்டினால் முந்தையது முடியும்வரை அடுத்தது உள்ளே வராது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஸ்கிரிப்ட்டுக்கு இன்னும் அதைச் சேர்க்கவில்லை என்று நேற்று பார்த்தேன்.