ஊசி போட்ட மாட்டின் பால்: மடிநோய் கண்ட வீட்டார் செய்ய வேண்டியவை

இலங்கை மலையகத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒன்றிரண்டு கறவைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு, கொழுந்தெடுத்து வரும் சம்பளத்தோடு பால் காசும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். அப்படிப்பட்ட வீட்டில் மாட்டுக்கு மடிநோய் வந்தால், எப்படியாவது நோயை விரைவில் நிறுத்திப் பாலை மறுபடியும் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம் எழுவது இயல்பு. அன்டிபயோட்டிக் மருந்துகள் தவறாகப் பயன்படுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான். மருந்தைச் சரியாகக் கொடுப்பது பாதி வேலை. கொடுத்த பின் அந்தப் பாலையும் சாணத்தையும் என்ன செய்கிறோம் என்பதே மீதிப் பாதி.

நோயை முதல் நாளிலேயே கண்டுபிடித்தால் மருந்தும் குறையும், நட்டமும் குறையும். ஒவ்வொரு முறையும் கறக்கத் தொடங்கும்முன், ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். வெள்ளைத் துணுக்குகள், திரி போன்ற கட்டிகள், தண்ணீர் பிரிந்த பால், இரத்தச் சாயல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அந்தக் காம்பில் நோய் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். மடியைத் தொடும்போது ஒரு பக்கம் மட்டும் சூடாகவும் கல்லைப் போல இறுக்கமாகவும் இருப்பது அடுத்த கட்டம். அதுவரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து, உங்கள் பிரதேசத்துக்குரிய அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். மாட்டு டாக்டர் வரும்வரை அந்தக் காம்பிலுள்ள பாலை அடிக்கடி முழுவதுமாகக் கறந்து, தனிப் பாத்திரத்தில் எடுத்து அப்புறப்படுத்துங்கள். பக்கத்து வீட்டில் மீந்துபோன ஊசி மருந்தையோ, மனிதருக்கென்று பாமசியில் வாங்கிய அமொக்சிசிலின் குளிசைகளையோ கொடுத்துப் பார்ப்பது மிகவும் தவறான வழி. மடிநோயை உண்டாக்கும் கிருமிகள் பல வகை. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது. முடிந்தால், முதல் மருந்து போடுவதற்கு முன்பே சுத்தமான குப்பியில் பால் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய், தோல் கழலை நோய் ஆகியவை வைரசால் வருபவை. அவ்வைரசுகளை எந்த அன்டிபயோட்டிக்கும் கொல்லாது. கன்று ஈன்றவுடன் மாடு எழ முடியாமல் விழுந்து கிடப்பது பெரும்பாலும் கல்சியக் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியைப் போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்தக் கூடாது.

வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும், சொன்ன அளவில் மருந்து போக வேண்டும். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்து பால் வெள்ளையாகிவிட்டது என்று நிறுத்தினால், பலவீனமான கிருமிகள் செத்து, தாக்குப்பிடித்தவை மட்டும் மடியில் தங்கும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், குறைந்த அளவு மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று 1945இல் தமது நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார்.

இனிப் பால் விடயம். ஒவ்வொரு மருந்தின் உறையிலும், கடைசித் தடவை மருந்து கொடுத்ததிலிருந்து எத்தனை மணித்தியாலம் அல்லது எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சிடப்பட்டிருக்கும். இதை விலக்குக் காலம் என்பார்கள். மருந்துக்கு மருந்து இது மாறும் என்பதால், உறையை வைத்தியரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறையில் 72 மணித்தியாலம் என்றிருந்து, கடைசி மருந்து திங்கள் மாலை கறந்த பின் போடப்பட்டிருந்தால், வியாழன் மாலைப் பாலையும் விட்டுவிட்டு வெள்ளி காலையிலிருந்து கொடுப்பதே பாதுகாப்பு. முதல் ஊசியிலிருந்து எண்ணுவது பலரும் செய்யும் பிழை. கடைசி மருந்திலிருந்தே எண்ண வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு பிழை நடந்தது. தலவாக்கலைப் பக்கம் நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் மாட்டின் ஒரு காம்புக்குள் மட்டும் மருந்துக் குழாய் செலுத்தப்பட்டது. மற்ற மூன்று காம்புகளின் பால் நல்லதுதானே என்று அம்மா அதைக் காய்ச்சி உறை ஊற்றினார். அதே உறைமோரை விட்டு, பக்கத்து வீட்டு அக்காவின் மாட்டுப் பாலும் இன்னொரு சட்டியில் அடுப்படிக் கதகதப்பில் வைக்கப்பட்டிருந்தது. விடிந்து பார்த்தபோது அக்காவின் பால் கெட்டியாக உறைந்திருக்க, எங்கள் சட்டியைச் சாய்த்தால் பால் பாலாகவே ஓடியது. குளிர்தான் காரணம் என்றால் இரண்டு சட்டியுமே உறைந்திருக்கக் கூடாது. ஒரு காம்பில் போட்ட மருந்து இரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளின் பாலிலும் இறங்கும் என்றும், அந்தப் பாலில் தயிர்க் கிருமிகள் வளராமல் போகக் கூடும் என்றும் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். நான்கு காம்புகளின் பாலும் விலக்கப்பட வேண்டும். காய்ச்சுவதால் இந்த மருந்து எச்சம் போய்விடாது. மற்ற மாட்டின் பாலோடு கலப்பதும் தீர்வாகாது. மருந்து போட்ட ஒரே மாட்டின் பால், ஊரார் பால் முழுவதும் சேரும் தாங்கியையே கெடுத்துவிடக்கூடும்.

விலக்கிய பாலைக் கன்றுக்கும் கொடுக்க வேண்டாம். கன்றின் குடலில் எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமிகள் பெருக அது வழி செய்யும். பீலித் தண்ணீர் வரும் ஓடையிலும் ஊற்றக் கூடாது. நீர்நிலைக்குத் தூரமாகக் குழி வெட்டி ஊற்றி மண்ணால் மூடுங்கள். மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்புத் துணி கட்டிவிட்டால், வீட்டில் வேறு யார் கறந்தாலும் தவறு நேராது. மாட்டின் அடையாளம், மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட நாளும் நேரமும், பால் கொடுக்கக்கூடிய நாள் ஆகியவற்றைப் பிள்ளைகளின் பழைய கொப்பியொன்றில் எழுதி வையுங்கள். அந்த நான்கைந்து நாள் வருமானம் போவது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய அடி அல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும் அந்தப் பாலைக் குடிப்பவர் நம்மைப் போன்ற இன்னொரு வீட்டுக் குழந்தை.

பெனிசிலின் ஒவ்வாமை உள்ள ஒருவருக்குப் பாலிலுள்ள சிறிய எச்சம்கூடத் தடிப்பையும் அதைவிடக் கடுமையான விளைவுகளையும் ஏற்படுத்தலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் சாணம், கை, தண்ணீர், காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கு வருவது. மாட்டுக்கும் மனிதருக்கும் தரும் மருந்துகளில் பல ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோழிகளுக்குக் கொடுக்கப்படும் என்ரோபுளொக்சசின், மனிதருக்குத் தரும் சிப்ரோபுளொக்சசினுக்கு நெருங்கிய உறவு. மனிதரை நோயாக்கும் கிருமிகளில் எதிர்ப்புச் சக்தி பெருகியதால் அமெரிக்காவில் 2005இல் கோழிகளுக்கு அதைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. மருந்துகளுக்கு அடங்காத பக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக மட்டும் 2019இல் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என 2022இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

மருந்துக்கே வேலை வராமல் பார்ப்பது எல்லாவற்றிலும் மலிவு. மழைக்காலத்தில் கொட்டகைத் தரை சேறும் மூத்திரமுமாகக் கிடந்தால் மடிநோய் தேடி வரும். தரைக்குச் சரிவு வைத்து, மாடு படுக்கும் இடத்தில் காய்ந்த புல் பரப்புங்கள். கறக்கும்முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மடியைத் துடைக்க மாட்டுக்கொரு துணி வையுங்கள். நோய் வந்த மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள். கறந்ததும் காம்புகளை அதற்கென விற்கும் அயடின் கரைசலில் முக்குங்கள். அதன் பின் அரை மணி நேரமாவது மாடு படுக்காமலிருக்கப் புல்லையோ புண்ணாக்கையோ முன்னால் வையுங்கள். காம்பின் துளை மூட அவ்வளவு நேரம் வேண்டும்.

சாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நுவரெலியாப் பக்கத்து லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு அது நேராகப் போகிறது. மருந்து போட்ட மாட்டின் பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போடாதீர்கள். வாய்க்காலுக்கு எட்டத்தில் குவித்து, மழை படாமல் மூடி, இடையிடையே கிளறி, உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடேறி ஆறி, சாண வாசனை போய் மண் வாசனை வந்த பிறகு எடுத்துப் போடுங்கள்.