பாவாடை நாடா அழுத்தும் இடம்: படர்தாமரையா, ஆறாத புண்ணா?

மும்பையில் மழை பிடித்து நாலு நாள் ஆனதும் மெடிக்கல் ஸ்டோர் வாசலில் ‘தாத் கா க்ரீம் தோ’ (படர்தாமரைக்கு க்ரீம் கொடு) என்ற குரல் கேட்க ஆரம்பித்துவிடும். நனைந்த உடையோடு லோக்கலில் நின்று போய், பத்துக்குப் பத்து அறையில் காயாத துணியை மறுநாளும் உடுத்துகிற ஊரில் படர்தாமரை வருவதில் ஆச்சரியமில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் கோளாறு. என்னவென்று பார்க்காமலே ஒரு க்ரீம், கேட்காவிட்டால் இன்னொரு க்ரீம். இதனால் படர்தாமரை வருஷக்கணக்கில் இழுக்கும். அபூர்வமாக, அதே இடுப்பில் வருகிற புற்றுநோயும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

முதலில் பகல் வெளிச்சத்தில் நின்று, நாடாவோ பேன்ட் பட்டையோ அழுத்தும் வரியைச் சுற்றிலும் பாருங்கள். முதுகுப்பக்கம் தெரியாது, வீட்டில் ஒருவரை போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது, வளையம் வளையமாக இருக்கும். ஓரம் சற்று மேடிட்டு, செதில் உதிரும்; நடுப்பகுதி தெளிந்து வரும். நம் நிறத்துக்குச் சிவப்பாகத் தெரியாமல் பழுப்பாகவோ கருப்பாகவோ தெரியலாம். இரவில் மட்டும் உயிர் போகிற அரிப்பு, விரல் இடுக்கில் சிறு கொப்புளம், வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் சிரங்கு. அதற்கு 5% பெர்மெத்ரின் க்ரீமை மொத்தக் குடும்பமும் ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, காலையில் குளித்து, ஏழு நாள் கழித்து மறுபடி பூச வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் திரும்ப வரும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுப் பூசுங்கள்.

அரிப்பே இல்லாமல் வெளிறியோ செம்பழுப்பாகவோ ஒரு திட்டு இருந்தால், பஞ்சை நூலாகத் திரித்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, திட்டின் மீதும் நல்ல தோலின் மீதும் மாறி மாறித் தொடுங்கள். திட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான சோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது.

இனி க்ரீம். ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். அதனால்தான் இந்தக் கலவை க்ரீம்களுக்கு இத்தனை கிராக்கி. ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறதே தவிர பூஞ்சையைக் கொல்வதில்லை. ஓரம் மங்கி, வளையத்துக்குள் வளையமாகப் பரவும். பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் குழம்பும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து விழுகிற கோடுகள் அழியவே அழியாது. 2018 முதல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களுக்குச் சட்டப்படி டாக்டர் சீட்டு வேண்டும். கடையில் கேட்டவுடன் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை க்ரீமாக ஒன்றே ஒன்று போதும். தடவும் கணக்கு: திட்டின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, நாளுக்கு 2 முறை, தோல் தெளிந்த பிறகும் 2 வாரம். வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கித் தடவுங்கள். பூஞ்சை உயிரோடு நகர்வது ஓரத்தில்தான். ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனிவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து, இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குக் காணும். இடுப்பும் இரண்டு தொடையும் சேர்ந்து எட்டு உள்ளங்கை என்று வையுங்கள்: ஒரு முறைக்கு 2 கிராம், நாளுக்கு 4. முப்பது கிராம் ட்யூப் ஒரு வாரத்தில் தீர வேண்டும். ‘ஒரு ட்யூப் ஒரு மாசம் வந்துச்சு, ஆனா போகலை’ என்பவர்கள் தடவியது கால் பங்குதான்.

இடம் பரந்திருந்தாலோ, மூன்று நான்கு வாரத்தில் மாற்றம் இல்லாவிட்டாலோ மாத்திரை தேவைப்படும். அதைக் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. இந்தியாவில் இப்போது பரவலாகக் காணப்படும் பூஞ்சைக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயரே வைத்தார்கள். வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபைனுக்கு அது பல நேரம் அசைந்துகொடுப்பதில்லை. இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதினால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போடுங்கள். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. இதய பலவீனம், ஈரல் கோளாறு, கொலஸ்ட்ரால் மாத்திரை, கர்ப்பம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சந்தேகமிருந்தால் டாக்டர் ஓரத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அதற்குச் சில நாள் முன்பிருந்தே எதையும் தடவாமல் போங்கள். தடவியிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம்.

துணி விஷயத்தில் கோட்டை விடுபவர்களே அதிகம். உதிர்ந்த செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் கிடக்கும். உள்ளாடை, துண்டு, பாவாடை மூன்றையும் தனியாக, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி காயப்போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பாமல் தையலிலும் பட்டையிலும் சூடான இஸ்திரி ஓட்டுங்கள். பாவாடையை நூறு முறை துவைத்தவர்கள்கூட நாடாவை ஒருமுறையும் உருவியிருக்க மாட்டார்கள். உருவித் துவையுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

அந்த நாடாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மெல்லிய கயிறு ஒரே வரியில், இறுக்கமாக, வியர்வையோடு பல வருஷம் உராய்ந்தால் தோல் கறுத்துத் தடிக்கும், செதிலாகும், வெடிக்கும். மிகச் சிலருக்கு அங்கே ஆறாத புண் வந்து புற்றாக மாறும். வேட்டி இறுக்கும் இடத்தில் வருகிற இதே வகைப் புற்றை, பரேல் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையைச் சேர்ந்த வி. ஆர். கனோல்கர் 1945இலேயே விவரித்துவிட்டார். புடவை கட்டுபவர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது. பயந்து புடவையை விட வேண்டியதில்லை. கயிற்றுக்குப் பதில் இரண்டு விரல் அகலப் பட்டை, முடிச்சு தினமும் வேறு பக்கம், வீட்டுக்கு வந்ததும் தளர்த்துவது, இவ்வளவு போதும்.

எந்த இடத்துப் புண்ணானாலும் நான்கு வாரத்தில் ஆறவில்லையென்றால் க்ரீமை நிறுத்திவிட்டு ஸ்கின் ஓபிடிக்கு (தோல் வெளிநோயாளர் பிரிவு) போங்கள். விளிம்பு உருண்டு தடித்திருப்பது, பூக்கோசு மாதிரி வளர்வது, தொட்டால் ரத்தம், நாற்றம் இவை மோசமான குறிகள். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் கிளம்பினால் நான்கு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஸ்டவ் வெடித்த தழும்பில் இருபது முப்பது வருஷம் கழித்தும் புற்று வரும். மாதம் ஒருமுறை உள்ளங்காலையும் பாருங்கள். கறுத்த தோலிலும் மெலனோமா என்ற தோல் புற்று வரும், வந்தால் பாதத்திலும் நகத்தடியிலும்தான் அதிகம். பல நகங்களில் பழுப்புக் கோடு நமக்குச் சகஜம். ஒரே நகத்தில் மட்டும் கோடு அகலமாகிக்கொண்டே போய், நகத்தடித் தோலிலும் கருமை இறங்கினால் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்தால் வளர்ச்சி தெரியும்.

மாறாக, சிவப்பு மணிக்கணக்கில் பரவி, காய்ச்சலும் குளிரும் வந்தால், அதுவும் சர்க்கரைக்காரருக்கு வந்தால், அது அன்றைக்கே கேஷுவல்டி கேஸ்.

ஓபிடியில் காலையிலேயே கேஸ் பேப்பர் (ஓ.பி. சீட்டு) எடுத்துவிடுங்கள். இதுவரை தடவிய ட்யூப்களையெல்லாம், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் கொண்டுபோங்கள். பயாப்சி என்றால் மரத்துப்போக ஊசி போட்டு 3, 4 மி.மீ. தோல் எடுப்பார்கள், பெரிய புண்ணில் ஓரத்தின் பல இடங்களில் எடுப்பதே சரி, ஒரே துண்டில் புற்று தப்பிவிடலாம். கத்தி பட்டால் பரவும் என்பது வெறும் பேச்சு. ரிப்போர்ட் வாங்கும்போது ஸ்லைடையும், எடுத்த தோலைப் பதித்து வைத்த மெழுகு ப்ளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பரேல் டாட்டா மெமோரியலுக்குப் போகச் சொன்னால் அங்கே திரும்பப் பரிசோதிக்க அவை வேண்டும்.