ஆங்கில வாக்கியத்தில் அடைகளை எங்கே வைப்பது?

ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாதபோதும் பொருள் பிசகுகிறதென்றால், ஒரு சொல்லை விளக்க வரும் அடை, அதாவது மாடிஃபையர், தனக்குரிய சொல்லை விட்டு விலகி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழில் வேற்றுமை உருபுகள் காட்டும் உறவுகளில் பலவற்றை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே காட்டுகிறது.

‘ஒன்லி’யிலிருந்து தொடங்கலாம். நம்முடைய ‘மட்டும்’ தான் வரையறுக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும்; ‘ஒன்லி’யை அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் வைப்பதே பாதுகாப்பு. ‘ஒன்லி ரவி பெய்ட் தி ஃபீஸ்’ என்றால் ரவியைத் தவிர வேறு யாரும் கட்டவில்லை. ‘ரவி பெய்ட் ஒன்லி தி ஃபீஸ்’ என்றால் அவர் கட்டணத்தைத் தவிர வேறெதையும் கட்டவில்லை. பேச்சில் குரலின் அழுத்தம் பொருளைக் காட்டிவிடும்; எழுத்தில் அந்தத் துணை கிடையாது. ‘ஆல்மோஸ்ட்’, ‘ஈவன்’ ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

‘கல்லூரி வழங்கிய சான்றிதழ்’ என்று நாம் பெயருக்கு முன்னால் சொல்வதை, ஆங்கிலம் ‘விச்’ போட்டுப் பெயருக்குப் பின்னால் சொல்கிறது. ‘ஐ ஹேவ் அட்டாச்ட் தி சர்டிஃபிகேட் டு திஸ் மெயில் விச் வாஸ் இஷ்யூட் பை தி காலேஜ்’ என்று எழுதினால், கல்லூரி வழங்கியது மின்னஞ்சலைத்தான் என்றாகிவிடும். ‘விச்’ தொடங்கும் பகுதியைச் ‘சர்டிஃபிகேட்’டை ஒட்டி வையுங்கள்.

‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ பிராக்டிஸ் ஆஃபன் இம்ப்ரூவ்’ என்பதில் ‘ஆஃபன்’ இரு வினைகளுக்கும் பொதுவாக நிற்கிறது. அடிக்கடி பயிற்சி செய்வதைக் குறிக்க ‘ஹூ ஆஃபன் பிராக்டிஸ்’ என்று மாற்றினால் போதும்.

தமிழர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘இங்’ தொடரைத்தான் என்பது என் கருத்து. ‘வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கு அணைந்தது’ என்பது நல்ல தமிழ். நுழைந்தவர் யாரென்று சொல்லாவிட்டாலும் குழப்பமில்லை. அதையே ‘என்டரிங் தி ஹவுஸ், தி லைட்ஸ் வென்ட் அவுட்’ என்று எழுதினால், விளக்குகளே வீட்டுக்குள் நுழைந்ததாகப் பொருள்படும். ஏனெனில் காற்புள்ளிக்குப் பின் வரும் எழுவாயே முன்னுள்ள செயலைச் செய்ததாக ஆங்கிலம் கொள்கிறது. எழுதி முடித்ததும் அந்த எழுவாயைத் தொட்டு, ‘இதைச் செய்தது இவர்தானா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘ஆஸ் ஐ என்டர்ட் தி ஹவுஸ்’ என்று செய்தவரை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ‘ரிகார்டிங்’, ‘கன்சிடரிங்’ போன்றவை முன்னிடைச் சொற்களாகவே, அதாவது பிரிபொசிஷன்களாகவே, நிலைபெற்றுவிட்டதால், அவ்வாறு வரும் இடங்களில் இந்தச் சோதனை தேவையில்லை.