‘தி வயர்’ தொடரைப் பாதியில் விடாமல் பார்ப்பது எப்படி

‘தி வயர்’ பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. இதைப்போல ஒரு தொடர் இனி வராது என்பது ஒன்று. “ரெண்டு எபிசோட் பார்த்தேன் டீச்சர், யாரு போலீஸ், யாரு திருடன்னே புரியல, விட்டுட்டேன்” என்பது மற்றொன்று. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் அதிகம். நான் முதல் கட்சி. ஆனாலும் அவர்கள் சொல்வதில் பொய் கிடையாது. முதல் நான்கு எபிசோடுகள் கடினம். அந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தாண்டிவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரம். போதைப்பொருள் விற்கும் ஒரு கும்பல், அதைத் தொலைபேசி ஒட்டுக்கேட்டுப் பிடிக்கப் பார்க்கும் ஒரு சிறு போலீஸ் குழு. எச்பிஓ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 2002 ஜூனிலிருந்து 2008 மார்ச் வரை ஒளிபரப்பியது. ஐந்து சீசன், 60 எபிசோட். உருவாக்கியவர் டேவிட் சைமன். ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் குற்றச் செய்தி எழுதியவர். அவரோடு சேர்ந்து எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரின் கொலைப் பிரிவில் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியராகப் போனவர். இந்த இரண்டு பேருடைய வேலை அனுபவம்தான் தொடர் முழுக்க ஓடுகிறது. ஐந்து சீசன் ஓடியும் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2021இல் பிபிசி கல்ச்சர் பல நாட்டு விமர்சகர்களிடம் கேட்டபோது இந்த நூற்றாண்டின் சிறந்த தொடராக இதுவே முதலிடத்தில் வந்தது. அந்தப் புகழை நம்பி உட்காராதீர்கள். “என்ன பெரிசா இருக்கு” என்ற கேள்வி முதல் எபிசோடிலேயே மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

முதல் வேலை: பாத்திரங்களின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். யார் எப்போது சாகிறார்கள் என்பதுதான் முதல் வரியிலேயே வந்து நிற்கும். பார்வையாளர் கருத்துகளையும் அந்த சீசனை முடித்தபிறகே படியுங்கள். நானும் இங்கே யாருடைய முடிவையும் சொல்லப் போவதில்லை.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நமக்கு எவ்வளவு பழக்கம் இருந்தாலும் பால்டிமோர் தெருப்பேச்சு காதில் பிடிபட நாளாகும். ‘ரீ-அப்’ என்றால் தீர்ந்த சரக்கை மறுபடி நிரப்புவது. ‘ஸ்டாஷ்’ சரக்கை ஒளித்துவைக்கும் இடம். ‘பர்னர்’ சில நாள் பேசிவிட்டுத் தூக்கி எறியும் செல்போன். ‘கார்னர்’ விற்பனை நடக்கும் தெருமுனை. இந்த நான்கும் தெரிந்தால் பாதி வசனம் திறந்துவிடும். கெட்ட வார்த்தை நிறைய வரும், அடிதடியும் உண்டு. பிள்ளைகள் தூங்கியபிறகு பாருங்கள்.

கீரை ஆய்ந்துகொண்டே பார்க்கவும் முடியாது. பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கார் ரேடியோவிலிருந்தோ, மதுக்கடையிலிருந்தோ வருகிற பாட்டு மட்டும்தான். ‘இப்போது ஏதோ நடக்கப்போகிறது’ என்று எச்சரிக்க வயலின் வராது, கண்தான் கவனிக்க வேண்டும். பழைய காட்சியைத் திரும்பக் காட்டி நினைவூட்டுகிற பழக்கமும் இல்லை. முதல் எபிசோடின் கடைசியில் ஒரே ஒருமுறை ஒரு முகத்தை அப்படிக் காட்டுவார்கள். அதோடு சரி.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடதுபக்கம் போலீஸ்: துப்பறிவாளர், சார்ஜன்ட், லெப்டினன்ட், மேஜர், கமிஷனர் என்று மேலே போகும் வரிசை. வலதுபக்கம் கும்பல்: சரக்கு எடுத்து ஓடும் பையன்கள், அவர்களை மேய்க்கும் டிஏஞ்சலோ, அதற்கு மேலே ஸ்ட்ரிங்கர் பெல், உச்சியில் ஏவன் பார்க்ஸ்டேல். பெயர் வர வர எழுதுங்கள். மூன்றாவது எபிசோடுக்கு வரும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது தெரியும். இரண்டிலும் மேலே இருப்பவர் சொல்வதற்குக் கீழே இருப்பவர் எதிர்ப்பேச்சுப் பேசக்கூடாது, இரண்டிலும் தவறுக்குப் பலியாவது கடைசி ஆள். அந்த எபிசோடில் டிஏஞ்சலோ இரண்டு பையன்களுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுப்பான். சிப்பாய் எட்டாவது கட்டத்துக்குப் போய் ராணியாக முடியுமா என்று ஒருவன் கேட்பான். அந்த இடத்தில் நிறுத்தி உங்கள் நோட்டைப் பாருங்கள்.

“மெதுவாகப் போகிறது” என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். காரணம் சட்டம். வேறு வழிகளையெல்லாம் முயன்றுவிட்டோம் என்று நீதிபதியிடம் காட்டாமல் ஒட்டுக்கேட்க அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு ஓடினால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். பொதுத் தொலைபேசியில் பேசுவது சந்தேக நபர்தானா என்று பார்க்க ஒருவர் மொட்டைமாடியில் கேமராவோடு படுத்திருக்க வேண்டும். மற்ற தொடர்களில் இதெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே அதுவே கதை. அதனால் ‘எப்போது பிடிப்பார்கள்’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த அனுமதியை இப்போது யார், எதற்காகத் தடுக்கிறார்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். மெதுவாகப் போகிறது என்ற எண்ணம் எனக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஐந்தாவது எபிசோட் என் மனசுக்கு நெருக்கமானது. கும்பல் பேஜரில் (எண்களைச் செய்தியாக வாங்கிக் காட்டும் பழைய சின்னக் கருவி) அனுப்பும் எண்கள் நேரடி எண்கள் கிடையாது. ஒரு மறைகுறி இருக்கிறது. எல்லோரும் ஒன்றுக்கும் உதவாதவர் என்று ஒதுக்கிய ப்ரெஸ் என்ற அதிகாரி அதை உடைக்கிறார். தொலைபேசிப் பொத்தான்களில் நடுவில் இருக்கும் 5ஐத் தாண்டி எதிர்ப்பக்க எண்ணை எடுக்க வேண்டும். 1க்கு 9, 2க்கு 8, 3க்கு 7, 4க்கு 6. ஐந்தும் பூஜ்யமும் இடம் மாறும். அப்படியானால் பால்டிமோரின் 410 என்ற தொலைபேசிக் குறியீடு 695 ஆகும். முதல் நான்கு ஜோடிகளையும் கூட்டிப் பாருங்கள், பத்து வரும். 695ஐ மறுபடி அதே வழியில் மாற்றினால் 410 திரும்ப வரும். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி! படிப்பை விட்ட தெருப் பையன்கள் தினமும் இதைத் தடுமாறாமல் போடுகிறார்கள். சார்பும் நேர்மாறுச் சார்பும் நடத்தும்போது என் வகுப்பில் இந்த உதாரணத்தைத்தான் எழுதுகிறேன். முன்பெஞ்சைவிடக் கடைசி பெஞ்ச் வேகமாகப் பிடித்துக்கொள்கிறது.

முதல் சீசன் முடிந்து இரண்டாவதைத் தொட்டதும் நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். பழகின ஆட்களை ஓரமாக வைத்துவிட்டுக் கதை துறைமுகத்துக்குப் போய்விடும். கப்பல் குறைந்து, கூலி குறைந்து, தொழிற்சங்கத் தலைவர் ஃப்ராங்க் சொபோட்கா கடத்தலுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்று கவனியுங்கள். இந்த சீசனைத் தாண்டிக் குதிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஒவ்வொரு சீசனும் நகரத்தின் வேறொரு கதவைத் திறக்கிறது: தெரு, துறைமுகம், நகராட்சி, பள்ளி, பத்திரிகை. முகப்புப் பாட்டும் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சீசனிலும் வேறு குரல். நான்காவதில் பால்டிமோர் பிள்ளைகளே பாடியிருக்கிறார்கள்.

நான்காவது சீசனுக்கு அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். மைக்கேல், நேமண்ட், ராண்டி, டூக்கி என்று நான்கு பையன்கள். அவர்களுக்குக் கணக்கு வாத்தியார், போலீஸ் வேலையை விட்டு வந்த நம்ம ப்ரெஸ். தாயக்கட்டையை உருட்டி நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிறார். பையன்கள் சூதாட்டக் கணக்கு என்று நினைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு தேர்வு வருகிறது. தேர்வுக்கு வரும் கேள்வியை மட்டும் நடத்து என்று மேலிடம் சொல்கிறது. வழிப்பறியைச் சின்னத் திருட்டாக மாற்றி எழுதிக் குற்ற எண்ணிக்கையைக் குறைக்கும் காவல்துறை வித்தையேதான் இது என்று அவருக்குப் புரிகிறது. தேர்ச்சி விகிதத்துக்காக படிப்பில் பின்தங்கிய மாணவனைப் பத்தாம் வகுப்பிலேயே கழற்றிவிடச் சொல்லும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பள்ளியை இவ்வளவு உண்மையாக வேறு எந்தத் திரையிலும் நான் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு எபிசோட் போதும். அடுத்ததை உடனே ஓட்டினால் டூக்கி உங்களுக்குள் தங்கமாட்டான்.

குறை சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. பெண் பாத்திரங்கள் குறைவு. துப்பறிவாளர் கீமாவும் வழக்கறிஞர் ரோண்டா பேர்ல்மனும் நன்றாக எழுதப்பட்டவர்கள். ஆனால் நான்காவது சீசனில் நேமண்டின் தாய் ஒரே நிறத்தில் நிற்கிறாள். அவள் ஏன் அப்படி ஆனாள் என்று கேட்க எழுதியவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. ஐந்தாவது சீசனில் போலீஸ் தரப்புக் கதை ஒரு நம்பமுடியாத திருப்பத்தில் தொங்குகிறது, பத்திரிகை அலுவலகத்தில் நல்லவர் நல்லவராகவும் கெட்டவர் கெட்டவராகவும் மட்டுமே இருக்கிறார்கள். பத்தே எபிசோடுக்குள் எல்லாவற்றையும் முடிக்கிற அவசரம் தெரிகிறது. அதற்காக நான்காவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பப்புள்ஸ் என்ற போதை அடிமையின் கதை நிறைவுக்கு வருவது ஐந்தாவதில்தான். அவருக்காகவே பார்க்கலாம்.

கடைசி எபிசோட் மற்றவற்றைவிட நீளம், ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வார நாள் இரவில் தொடங்காதீர்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். நோட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடதுபக்கத்தில் யார் பெயருக்கு நேரே யார் வந்து உட்கார்கிறார், வலதுபக்கத்தில் யார் இடத்தை யார் பிடிக்கிறார் என்று எழுத வேண்டியிருக்கும்.