பசுமைப் பனியன்: வாங்குபவரும் தைப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைப் படம், மண் நிற அட்டை, 'இயற்கைக்கு உகந்தது' என்று ஒரு வரி. இப்போது எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் இப்படி நாலு டி-ஷர்ட் தொங்குகிறது. விலையும் கொஞ்சம் கூட. அட்டையை நம்பி வாங்குகிறவர்களும் சரி, அதை அச்சடித்து மாட்டும் சின்ன பனியன் கம்பெனிகளும் சரி, பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

இழையின் பெயரைக் கேட்டதும் முடிவு கட்டிவிடுவது முதல் சறுக்கல். மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி, மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் போட்டுக் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான், அதாவது ஒரு வகை ரேயான். ரேயானை மூங்கில் என்று விற்றதாக எழுந்த வழக்கில், 2022இல் அமெரிக்காவில் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு கடைக் கம்பெனிகளும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. மறுசுழற்சி பாலியெஸ்டரும் பெரும்பாலும் பழைய துணியிலிருந்து வருவதில்லை, தண்ணீர் பாட்டிலிலிருந்து வருகிறது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம். பருத்தியோடு கலந்து சட்டையாக்கிவிட்டால் அப்புறம் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

முத்திரைகளிலும் இதே குழப்பம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்றால் துணியில் உடலுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பருத்தி எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. ஓ.சி.எஸ். என்ற முத்திரை ஆர்கானிக் இழை எவ்வளவு என்று மட்டும் பார்க்கும். சாயப்பட்டறை வரை உள்ளே போய்ப் பார்ப்பது ஜி.ஓ.டி.எஸ். என்ற ஆர்கானிக் துணி முத்திரை, பனியன் ஊரான திருப்பூரில் 'காட்ஸ்' என்பார்கள். அதில்கூட 'ஆர்கானிக்' என்று போட 95% ஆர்கானிக் இழை வேண்டும். 'ஆர்கானிக் கலந்தது' என்று போட 70% போதும். அட்டையில் உரிம எண் இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு, சாயத்தை மறந்துவிடுவது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினையால் ஒட்டும் சாயம்) ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும், அதுவும் கிலோ கணக்கில். அந்த உப்புத் தண்ணீர்தான் வருஷக்கணக்கில் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பிறகு திறந்தவை ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையில் ஓடுகின்றன. ஆர்.ஓ. வடிகட்டி, அப்புறம் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று தண்ணீரையும் உப்பையும் மீட்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு எரிபொருளும் மின்சாரமும் ஏகமாய்ச் செலவாகிறது. கடைசியில் கலப்பு உப்பும் சேறும் மூட்டை மூட்டையாக மிஞ்சுகின்றன. இந்தச் செலவு எதுவும் இல்லாத ஊரில் சாயம் போட்டால் பனியன் மலிவாக முடியும். ஆகவே பசுமை என்றும் சொல்லி விலையும் அடிமட்டமாக இருந்தால், எங்கே சாயம் போட்டது என்று கேளுங்கள். பதில் வராது, ஆனாலும் கேளுங்கள்.

'இனிமேல் பசுமை மட்டும்தான்' என்று இருக்கும் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக் குவிக்கிறவர்களும் உண்டு. அதைவிட, வாங்கும் பனியன் நாலு வருஷம் உழைக்குமா என்று பார்க்கலாம். டி-ஷர்ட்டை மடித்து வைத்துப் பக்கத் தையலைப் பாருங்கள். கடையிலேயே தையல் வயிற்றுப் பக்கம் சாய்ந்திருந்தால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலு துவைப்பில் இன்னும் கோணும். கழுத்தைச் சுற்றியுள்ள ரிப் பட்டியை இழுத்து விட்டால் உடனே பழையபடி சுருங்க வேண்டும்.

ஃபேஷன் வேறு, வேலையிடம் வேறு என்று பிரித்துப் பார்ப்பதும் தவறு. டிரெண்ட் மாறி, பையர் (ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி) கடைசி நேரத்தில் கலரை மாற்றினால், ஏற்றுமதித் தேதி மட்டும் மாறாது. இடையில் போன நாட்களை ஒன்றரை ஷிப்ட் போட்டு ஈடுகட்டுவது பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின் வரிசையில், இருப்பவர்கள்தான். 'இனி மெஷினே தைத்துவிடும்' என்று பயமுறுத்துவதும் அரைகுறைப் பேச்சு. மார்க்கர் போடுவது (எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று வரைவது), துணி விரிப்பது, வெட்டுவது எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, உண்மை. ஆனால் இழுத்த பக்கம் வரும், விட்டால் சுருளும் நிட்டிங் துணியைக் கையால் பிடித்துத் தைக்கும் வேலை இன்னும் டெய்லரிடம்தான் இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு லட்சங்களைக் கொட்டிவிட்டு டெய்லருக்கு ஒரு நாள் பயிற்சிகூடக் கொடுக்காத முதலாளி கணக்குத் தெரியாதவர்.

சின்ன யூனிட்காரர்களுக்கு இன்னொன்று. ஒரு பொருள் எதில், எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டுக்கு வழிசெய்யும் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்துவிட்டது. முன்னுரிமைப் பட்டியலில் துணியும் இருக்கிறது. 'அது பையர் பாடு' என்று இருந்துவிடாதீர்கள்; பையர் அந்த விவரத்தை உங்களிடம்தான் கேட்பார். நூல் பில், சாய லாட் எண், ஜாப் ஒர்க்காக வெளியே வேலை கொடுத்த இடங்களின் பெயர், இவற்றை ஆர்டர் வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வைக்க இப்போதே ஒருவரை நியமியுங்கள்.