பழைய டர்பைன் பலகைகளைத் தேட ஒரு வழி

ஜிஇ நிறுவனத்தின் ஸ்பீட்ரானிக் மார்க் 5 போன்ற பழைய டர்பைன் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மாற்று மின்சுற்றுப் பலகை தேடும்போது, பாக எண்ணை முழுவதுமாகக் கொடுக்காமல், குழு எண்ணுக்கு (ஜி1, ஜி2 போன்றது) பின்னால் வரும், பலகையின் திருத்தத்தைக் குறிக்கும் எழுத்துகளை நீக்கிவிட்டுத் தேடுங்கள்; உதாரணமாக, டிசிக்யூஏ பலகை என்றால் டிஎஸ்200டிசிக்யூஏஜி1 என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே பலகை சிறுசிறு திருத்தங்களோடு பலமுறை வெளிவந்திருப்பதாலும், விற்பவர்கள் அந்தக் கடைசி எழுத்துகளை ஆளுக்கொரு விதமாகப் பட்டியலிடுவதாலும், முழு எண்ணைக் கொடுத்தால் கையிருப்பில் உள்ள பல பலகைகள் கண்ணில் படாமலே போய்விடும். கிடைத்த பலகையின் தெளிவான படத்தைக் கேட்டு வாங்கி, அதன் திருத்தம் உங்கள் அமைப்போடு இணங்குமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உறுதிசெய்த பிறகே பணம் கட்டுங்கள். பொருத்தும்போது ஜம்பர்களை, அதாவது பலகையின் அமைப்பைத் தீர்மானிக்கும் சிறு இணைப்பிகளை, பழைய பலகையில் உள்ளபடியே அமைக்க வேண்டும். நிரலைச் சேமித்து வைத்திருக்கும் ஈப்ராம் சில்லுகள் உள்ள பலகையாக இருந்தால் அவற்றையும் பழையதிலிருந்து கழற்றி மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே, புதியது சீராக ஓடும்வரை பழுதான பலகையை எக்காரணம் கொண்டும் பழைய சாமான்களோடு கழித்துவிடாதீர்கள்.

குழு எண்ணே மாறினால், உதாரணமாக ஜி1 இருக்க வேண்டிய இடத்தில் ஜி2 இருந்தால், இந்த வழி செல்லாது. அது வேறு வகைப் பலகை. டர்பைன் அளவுமீறிய வேகத்தில் சுழலாமல் தடுக்கும் பாதுகாப்பைக் கவனிக்கும் டிசிஇஏ பலகைக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை கூடினாலும், எழுத்துக்கு எழுத்து அதே எண் கொண்டதை, சோதனைச் சான்றோடு வாங்குங்கள்.