‘ஷித்தி’: தைத்தலைக் குறிக்கும் செர்போ-குரோவாசிய வினையைப் பயன்படுத்தும் முறை

செர்பியா, குரோவாசியா, பொசுனியா, மொண்டெனேகுரோ ஆகிய நாடுகளில் வழங்கும் செர்போ-குரோவாசிய மொழியில், தைப்பதைக் குறிக்கும் அடிப்படை வினை ‘ஷித்தி’ ஆகும். அகராதியில் இவ்வடிவமே இருக்கும்.

நிகழ்காலத்திற்கு, இறுதியிலுள்ள ‘த்தி’யை நீக்கி, எஞ்சும் ‘ஷி’யுடன் யகரம் சேர்த்து விகுதியை இணைக்க வேண்டும். தைக்கிறேன் என்பதற்கு ‘ஷியெம்’, தைக்கிறாய் என்பதற்கு ‘ஷியெஷ்’, தைக்கிறோம் என்பதற்கு ‘ஷியெமோ’, தைக்கிறீர்கள் என்பதற்கு ‘ஷியெத்தே’, தைக்கிறார்கள் என்பதற்கு ‘ஷியு’ என வரும். தமிழைப் போலவே விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால், ‘நான்’, ‘நீ’ போன்ற சொற்களைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் தைக்கிறான், தைக்கிறாள் என்னும் வேறுபாடு அங்கே இல்லை. இரண்டிற்கும் ‘ஷியெ’ ஒன்றே. குடித்தலைக் குறிக்கும் ‘பித்தி’யும் (பியெம், பியெஷ், பியெ) இதே வாய்பாட்டில் நடப்பதால், இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. ஏவலுக்கு ‘ஷிய்’ என்றும், மரியாதைக்கும் பன்மைக்கும் ‘ஷிய்த்தே’ என்றும் சொல்ல வேண்டும்.

இறந்தகாலத்தில் நிலைமை தலைகீழாகிறது. ‘தைத்தேன்’ என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே சொல்கிறோம். அங்கே ஆண் ‘ஷியோ ஸம்’ என்றும், பெண் ‘ஷிலா ஸம்’ என்றும் சொல்ல வேண்டும். தன்மையிலும் பால் காட்ட வேண்டும் என்பதைத் தமிழர் எளிதில் மறந்துவிடுவதால், தொடக்கத்திலிருந்தே தம் பாலுக்குரிய வடிவத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அவசியம். எதிர்காலத்தில் ‘தைப்பேன்’ என்பது ‘ஷிச்சு’. குரோவாசியர் இதை இரு சொற்களாகப் பிரித்து எழுதினாலும் ஒலி மாறுவதில்லை.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. ‘ஷித்தி’ வேலை நடந்துகொண்டிருப்பதையோ வழக்கமாக நடப்பதையோ மட்டுமே சொல்லும். வேலை முடிந்ததைச் சொல்ல அதன் இணையான ‘ஸஷித்தி’ வேண்டும். ‘ஷிலா யெ கோஷுல்யு’ என்றால் அவள் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். சட்டை முடிந்ததா என்பது அதில் தெரியாது. ‘ஸஷிலா யெ கோஷுல்யு’ என்றால் தைத்துவிட்டாள், சட்டை தயார். நம் ‘விடு’ என்னும் துணைவினை செய்யும் வேலையை அங்கே ஒரு முன்னொட்டு செய்கிறது என்று கொண்டால் குழப்பம் பெரிதும் தீரும். ஆகவே, ‘இப்போது என்ன செய்கிறாய்?’ என்று கேட்பவரிடம் ‘ஸஷியெம்’ என்று விடை சொல்லக் கூடாது. ‘ஷியெம்’ என்பதே சரி.

குரோவாசியாவில் ‘ஷிவாத்தி’ என்னும் வினையும் பரவலாக வழங்குகிறது. அது ‘ஷிவாம், ஷிவாஷ், ஷிவா’ எனத் தனி வாய்பாட்டில் திரியும். தையல் இயந்திரத்தைச் செர்பியர் ‘ஷிவாச்சா மஷினா’ என்றும், குரோவாசியர் ‘ஷிவாச்சி ஸ்த்ரோய்’ என்றும் அழைக்கின்றனர்.

முன்னொட்டு மாறினால் பொருளும் மாறும். ‘ப்ரிஷித்தி’ என்றால் பொத்தான் போன்ற ஒன்றை வைத்துத் தைப்பது. ‘ராஷித்தி’ என்றால் தையலைப் பிரிப்பது. செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் கட்டுவதற்கும் ‘ப்ரிஷித்தி’ என்றே சொல்வர்.